மாண்டவர் மறுமொழி கூறார்

ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவது எளிய காரியமன்று. கதை எழுதுவோன் தன் கற்பனையிலே தோன்றிய மாந்தரை விரும்பியபடி ஆட்டிவைக்கலாம். அவர்கள் அவன் பெற்ற பிள்ளைகள். வரலாறு எழுதுவோனோ பிறர் வாழ்ந்த வாழ்வை இரவலாகப் பெற்று எழுதுகிறான். இரவற் பொருளை எவ்வளவு பத்திரமாகக் கையாளவேண்டும் என்பது குடும்பம் நடத்துவோர் எல்லோருக்கும் தெரியும். பொருளுக்குரியவர் இறந்துவிட்டாராயின் பொறுப்பு இரு மடங்காகிறது. "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று எழுந்து நின்று மறுக்க அவரால் இயலாது.

அண்மையில் நாம் படித்து முடித்த ஒரு நூல் இந்த எண்ணத்தை எம் மனத்தில் ஆழப் பதித்துவிட்டது. அல்பேட் கோல்ட்மன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் எழுதி, 1981ஆம் ஆண்டிலே வெளிவந்த "எல்விஸ்" என்னும் நூலே அது. ஏறக்குறைய 600 பக்கங்கள் கொண்ட பெரும் புத்தகம். ஆவலுடன் கையில் எடுத்தோம். ஏமாற்றத்துடன் கீழே வைத்தோம்.

வெளிவந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நூலைப்பற்றி இன்று ஏன் பேசவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். நூல் பழையதாயினும் அது செய்த பிழை பழையதன்று. புகழ்பெற்ற ஒருவர் கண்மூடியதும் அவரைப்பற்றிய புத்தகங்கள் வந்து குவிகின்ற காலம் இது. எதைப் படிப்பது, எதை நம்புவது என்பதை நம் பிள்ளைகள் தாமே தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது. எப்படி எழுதக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்ள இந்நூல் நல்லதோர் உதாரணம்.

யார் இந்த எல்விஸ்?

எல்விஸ் பிறெஸ்லி 1935ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 8ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலே துப்பெலோ என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கடன் வாங்கிக் கட்டிய இரண்டு அறைகள் கொண்ட மரவீடே அவர் பிறந்த இடம். உடன்பிறந்த இரட்டைக் குழந்தை உயிரின்றியே பிறந்தது. எல்விசுக்கு மூன்று வயதானபோது, காசோலை ஒன்றைத் திருத்திய குற்றத்துக்காகத் தந்தையார் சிறை சென்றார். வீடும் கைவிட்டுப் போயிற்று. தாயும் மகனும் உறவினரை அண்டி வாழவேண்டியதாயிற்று.

தேவாலயத்துப் பக்திப் பாடல்கள், அயலிலே வாழ்ந்த கறுப்பின மக்களின் இசை, வானொலியிலே வந்த வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடல்கள் ஆகிய மூன்றும் அச்சிறுவனின் காதில் ஒருங்கே விழுந்தன. பதினோராவது பிறந்தநாளுக்கு ஒரு கிற்றார் கிடைத்தது. 1948இல் குடும்பம் பிழைப்புத் தேடி டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1953இல் பாடசாலைப் படிப்பு முடிந்தது. அதன்பின் மின்சார வேலைக் கம்பனி ஒன்றின் லொறிச் சாரதியாக அவர் வேலை பார்த்தார். 1954இல் முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. 1956இல் அமெரிக்கா முழுவதும் அவர் பெயரை அறிந்தது. பின்னர் இரண்டாண்டு இராணுவ சேவை, முப்பதுக்கு மேற்பட்ட சினிமாப் படங்கள், லாஸ் வேகஸ் நகரிலே இராக்காலக் கச்சேரிகள், உடல் நலிவு, மருந்துக்கு அடிமையாதல் எனக் காலம் கழிந்தது. 1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 16ஆம் திகதி மெம்பிஸ் நகரிலுள்ள தம் இல்லத்திலே 42ஆம் வயதில் அவர் காலமானார்.

ரொக் இசை என்றதும் முகஞ் சுளிப்போர் நம்மிடையே பலர் உளர். பெரியவர்களுக்கு அது வெறும் இரைச்சலாகவே படும். அது அவரவர் சுவை; அதைப்பற்றி இங்கே வாதாட நாம் விரும்பவில்லை. ஒருவருடைய பாட்டு நமக்குப் பிடித்தாலென்ன, பிடிக்காவிட்டாலென்ன, அவருடைய வரலாறு உண்மையாக எழுதப்படவேண்டும் என்பதே எமது கட்சி.

இகழ்ச்சி என்னும் கண்ணாடி

நூலாசிரியர் கோல்ட்மன் சாதாரணமானவரல்லர். நியூ யோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே ஆங்கிலம் கற்பித்தவர்; "லைப்" சஞ்சிகையிலே இசை விமர்சனம் எழுதியவர். லெனி புரூஸ் என்னும் நகைச்சுவையாளரைப்பற்றி 1974இல் அவர் வெளியிட்ட நூல் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. எல்விசின் பரிவாரத்திலே பல்லாண்டு இருந்த லாமர் பைக் என்பவர் இந்நூலுக்குத் துணை நின்றார். கற்றறிந்தவரின் எழுதுகோலும், அருகிருந்து பார்த்தவரின் நினைவும் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு சிறந்த நூல் பிறக்கவேண்டும்! எமது ஏமாற்றத்துக்கு முதற் காரணம் இதுவே. இயலாதவர் எழுதிய மோசமான நூலைப் படித்தால் இரக்கம் வரும். இயன்றவர் எழுதிய மோசமான நூலைப் படித்தால் கோபமே வருகிறது.

நூலின் ஆரம்பத்திலேயே ஆசிரியர் நம்மை எல்விசின் மாளிகையைச் சுற்றிப் பார்க்க அழைத்துச் செல்கிறார். சிவப்பு மெத்தைகள், நிலைக்கண்ணாடிகள், மினுங்கும் அலங்காரங்கள் ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டி எள்ளி நகையாடுகிறார். இரண்டறை மரவீட்டிலே பிறந்து, அதையும் இழந்து, வாடகை வீடுகளிலே வளர்ந்த ஒருவன் 22ஆம் வயதில், 1957இல், அந்த மாளிகையை வாங்கினான். தாயையும் தந்தையையும் தந்தையின் தாயையும் அங்கே குடியேற்றினான். அந்த அலங்காரத்தின் பொருள் என்ன, எந்த வறுமைக்கு அது விடையாக வந்தது என்று வரலாற்றாசிரியர் கேட்டிருக்கவேண்டும். அவரோ, பணக்காரனாகிவிட்ட ஏழையின் வீட்டுக்கு விருந்துண்ணச் சென்று, திரும்பும் வழியெல்லாம் அவ்வீட்டுத் திரைச்சீலையைப் பழித்துக்கொண்டு வரும் விருந்தாளியைப்போல எழுதுகிறார்.

வீட்டின்மேல் எழுந்த இகழ்ச்சி வீட்டாரின்மேலும் படர்கிறது. அமெரிக்காவின் தென்பகுதியிலே வாழ்ந்த ஏழை வெள்ளையர்களை ஒரு தாழ்ந்த இனத்தவர்போல அவர் சித்திரிக்கிறார். தந்தையின் சோம்பல், தாயின் பருமன், அவர்களின் பேச்சு, உணவு, வழிபாடு யாவும் பரிகாசப் பொருள்களாகின்றன. தாய்க்கும் மகனுக்கும் இருந்த பாசத்தையும் அவர் ஒரு நோயாகவே காண்கிறார். அந்தத் தாய் 1958ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, மகன் இராணுவத்திற் சேர்ந்து சில மாதங்களுள் மறைந்தார். ஒற்றைப் பிள்ளையாய் வளர்ந்த மகனை அவ்விழப்பு எப்படி உலுக்கியிருக்கும் என்பதை உணர்வதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை, மனமிருந்தாற் போதும்.

ஒருவரை வெறுத்துக்கொண்டே அவரைப்பற்றி 600 பக்கம் எழுத முடியுமா என்றால், முடியும் என்று இந்நூல் நிரூபிக்கிறது. ஆயினும், வெறுப்பவருக்கு எதிரே நிற்பவரின் குறை தெரியுமேயன்றி அதன் காரணம் தெரியாது. காரணம் தெரியாதவர் வரலாறு எழுத இயலாது.

ஒரு சொல்லின் விலை

இகழ்ச்சியாவது நூலாசிரியரின் மனோபாவம் என்று விட்டுவிடலாம். பிழையான தகவலை அவ்வாறு விடமுடியாது. அவற்றுள் ஒன்றை இங்கு எடுத்துக்காட்டுவோம்.

எல்விசின் முதலாவது இசைத்தட்டை வெளியிட்டவர் மெம்பிஸ் நகரத்துச் சாம் பிலிப்ஸ் என்பவர். 1950இல் ஒரு சிறிய ஒலிப்பதிவு நிலையத்தைத் திறந்து, 1952இல் "சன்" என்னும் இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தவர். கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஒரே உணவுச்சாலையில் அமரமுடியாத அந்த ஊரிலே, கறுப்பினப் பாடகர்களின் குரலைப் பதிவு செய்யவேண்டும் என்னும் வேட்கையோடு அவர் அந்நிலையத்தைத் திறந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பி. பி. கிங், ஹவுலின் வுல்ப் முதலியோர் அங்கே பாடிப் பதிவு செய்தவர்கள்.

கறுப்பின மக்களின் இசை நயமும் உணர்ச்சியும் வாய்ந்த வெள்ளைக்காரப் பாடகன் ஒருவன் கிடைத்தாற் பெரும் பணம் ஈட்டலாம் என்று பிலிப்ஸ் அடிக்கடி சொல்வாராம். அவருடைய அலுவலகத்திலே பணியாற்றிய மேரியன் கைஸ்கர் என்னும் அம்மையார் இதனை நினைவுகூர்ந்திருந்தார். 1971இல் ஜெரி ஹொப்கின்ஸ் எழுதிய எல்விஸ் வரலாற்றிலும் அது மரியாதையான சொற்களிலேயே பதிவாகியிருந்தது. கோல்ட்மனின் நூலில் அதே பேச்சு வருகிறது. ஆனால் கறுப்பின மக்களைக் குறிக்கும் சொல் இருந்த இடத்தில், அம்மக்களை இழிவுபடுத்தும் கொடிய வசைச் சொல் ஒன்று வந்து அமர்ந்திருக்கிறது!

கிறீல் மார்க்கஸ் என்னும் விமர்சகர் இதனைக் கண்டுபிடித்தார். 1981இல் நியூ யோர்க்கிலிருந்து வெளிவந்த "வில்லேஜ் வொய்ஸ்" பத்திரிகையிலே அவர் இந்நூலைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பிலிப்ஸ் ஒருபோதும் அச்சொல்லைச் சொன்னதில்லை என்று கைஸ்கர் அம்மையாரும் மறுத்துவிட்டார்.

ஒரு சொல்தானே என்று சிலர் எண்ணலாம். அந்த ஒரு சொல் எத்தனை பேரைக் கெடுத்தது என்று பாருங்கள். கறுப்பினக் கலைஞர்களுக்குக் கதவு திறந்துவைத்தவர் அவர்களை இழிவாகப் பேசுபவராக மாறிவிடுகிறார். அக்கதவினூடே வந்த எல்விஸ் ஓர் இனவெறியரின் தயாரிப்பாகிவிடுகிறார். அவர்களின் இசையை விரும்பிக் கேட்ட இலட்சக்கணக்கான இளைஞர்களும் குற்றவாளிகளாகின்றனர். பிழையான கூற்று ஒன்று அச்சேறியதும் அதனைப் படித்தவர் மற்றவருக்குச் சொல்வார். மற்றவர் தம் கட்டுரையில் எழுதுவார். மறுப்பு என்றோ ஒருநாள் ஒரு பத்திரிகையின் மூலையில் வரும். நஞ்சு குதிரையில் ஏறிப் போய்விட, மருந்து பின்னால் நடந்து வருகிறது.

பாட்டு எங்கே?

நூலின் மிகப் பெரிய குறையை இனிமேற்றான் சொல்லப்போகிறோம். ஒரு பாடகரின் வரலாற்றிலே நாம் முதலில் தேடுவது பாட்டை. வறுமையிற் பிறந்தவர் பலர். மருந்துக்கு அடிமையாகி மாண்டவரும் பலர். அவர்கள் எல்லோரைப்பற்றியும் நூல் எழுதப்படுவதில்லை. இந்த ஒருவரைப்பற்றி எழுதப்படுவதற்குக் காரணம் அவர் பாடியமையே. அந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்பதை விளக்காத வரலாறு, விளக்கேற்றாத கோயில் போன்றது.

1954ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆம் திகதி இரவு, பிலிப்ஸின் நிலையத்திலே நடந்ததைக் கேளுங்கள். எல்விசுக்கு அப்போது வயது 19. கிற்றார் வாசிக்க ஸ்கொட்டி மூர், பெரிய பாஸ் வாத்தியத்தை மீட்டப் பில் பிளாக். மத்தளம் முதலிய தாள வாத்தியம் எதுவுமில்லை. மெதுவான பாடல்கள் சிலவற்றைப் பாடிப் பார்த்தனர், ஒன்றும் சரிப்படவில்லை. களைத்துப்போய் ஓய்ந்திருந்த வேளையிலே, எல்விஸ் திடீரெனக் கிற்றாரை எடுத்து, ஆதர் குரூடப் என்னும் கறுப்பினப் பாடகர் 1946இற் பதிவு செய்திருந்த "தட்ஸ் ஓல் றைட்" என்னும் பாடலைத் துள்ளிக் குதித்து விளையாட்டாகப் பாடத் தொடங்கினார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டனர். பக்கத்து அறையிலிருந்த பிலிப்ஸ் கதவினூடே தலையை நீட்டி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றனர். அப்படியானால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குங்கள் என்றார் அவர். பிறந்த பாட்டின் நீளம் இரண்டு நிமிடம்கூட இல்லை.

சில நாட்களுள் மெம்பிஸ் வானொலியில் டியூவி பிலிப்ஸ் என்னும் அறிவிப்பாளர் அதனை ஒலிபரப்பினார். திரும்பத் திரும்பப் போடும்படி நேயர்கள் கேட்டனர். பாடகரையே அழைத்துவரச் சொன்னபோது, எல்விஸ் கூச்சத்தால் ஒரு சினிமாக் கொட்டகையிற் போய் இருந்துவிட்டார்! பெற்றோர் தேடிப் பிடித்து அனுப்பினர். எந்தப் பாடசாலையிற் படித்தாய் என்று அறிவிப்பாளர் கேட்டார். "ஹியூம்ஸ்" என்று பதில் வந்தது. அது வெள்ளையர் மட்டுமே படித்த பாடசாலை. குரலைக் கேட்டுக் கறுப்பினத்தவர் என்று எண்ணிய நேயர்கள், பாடியவர் வெள்ளையர் என்பதை அந்த ஒரு சொல்லால் அறிந்துகொண்டனர். பாடசாலைகளில் இனப் பிரிவினை சட்டத்துக்கு முரணானது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது இரண்டு மாதங்கூட ஆகவில்லை. ஒரு சிறிய பாட்டு எத்தகைய காலத்தின் வாசலிலே நின்றது என்பது விளங்குகிறதல்லவா?

இதற்குள் ஒரு வேதனையும் உண்டு. அப்பாடலை முதலில் ஆக்கிப் பாடிய குரூடப், தமக்குரிய உரிமைப் பணம் கிடைக்காமலே 1974இற் காலமானார். எல்விசைப்பற்றி எழுதுவோர் எழுப்பவேண்டிய கடுமையான கேள்வி இதுவே. கறுப்பின மக்களின் இசைக்கு அவர் பட்ட கடன் எவ்வளவு? அவர் கொண்டுவந்த புதுமை எவ்வளவு? விலையைக் கொடுத்தவர் யார்? இலாபத்தை எடுத்தவர் யார்? இக்கேள்விகளை நிதானமாக ஆராய்ந்திருந்தால் நூல் பயனுடையதாக இருந்திருக்கும். கோல்ட்மனோ அந்தச் "சன்" இசைத்தட்டுகளைத் தாழ்வாகவே மதிப்பிட்டுவிட்டுப் படுக்கையறையையும் மருந்துப் பெட்டியையும் நோக்கி விரைகிறார்.

எல்விஸ் பிறர் கையிலே வெறும் பொம்மை என்னும் எண்ணம் இந்நூலைப் படிப்போருக்கு எளிதில் ஏற்படும். 1956ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி நியூ யோர்க்கிலே "ஹவுண்ட் டோக்" என்னும் பாடலைப் பதிவு செய்தபோது, இது போதும் என்று மற்றவர் எண்ணிய பின்னரும் அவர் நிறுத்தவில்லை. 31 முறை பாடினார். பின்னர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தமக்குத் திருப்தியானதைத் தாமே தெரிந்தெடுத்தார். பொம்மை இவ்வாறு செய்யுமா? அப்போது அவருக்கு வயது 21. பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் இந்த எண்ணைச் சற்று மனத்திற் கொள்வார்களாக.

நீதிக்காக ஒரு சொல்

குறையை மட்டும் சொல்லி நிறுத்தினால், நாம் குற்றஞ்சாட்டும் நூலாசிரியரின் வழியிலேயே நாமும் செல்பவர்களாவோம். இந்நூலிலே பயனுள்ள பகுதிகளும் உண்டு. எல்விசின் முகாமையாளராக விளங்கிய கேணல் பார்க்கர் உண்மையில் அமெரிக்கரே அல்லர்; ஒல்லாந்து நாட்டிலே பிரேடா நகரிற் பிறந்தவர். இதனை ஆங்கில வாசகரிடையே பரவச் செய்தவற்றுள் இந்நூலும் ஒன்று. எல்விசின் வருவாயிற் பாதியைப் பார்க்கர் பெற்றுவந்தார். 1973இல், அதுவரை பதிவு செய்த பாடல்களின் வருங்கால உரிமைப் பணம் முழுவதையும் இசைத்தட்டுக் கம்பனிக்கு 54 இலட்சம் டொலருக்கு விற்றுவிட்ட ஒப்பந்தமும் அவர் காலத்ததே. இவற்றை வெளிச்சமிட்டுக் காட்டுவது வரலாற்றாசிரியரின் கடமை.

மேலும், கோல்ட்மன் எழுதியதற்கு எதிர்முனையிலே மற்றொரு வகை நூல்கள் உண்டு. அவை அபிமானிகள் எழுதும் தோத்திரங்கள். அவற்றிலே எல்விஸ் குற்றமே செய்யாதவர். மருந்து என்னும் பேச்சே எழாது. மரணம் ஏதோ தெய்வச் செயலாக முடியும். அவையும் எமக்கு உவப்பானவையல்ல. கடைசி ஆண்டுகளிலே அவருடைய வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் பல்லாயிரம் என்பது பின்னர் நடந்த விசாரணைகளில் வெளிவந்த உண்மை. அதை மறைப்பது, அவ்வழியிற் செல்லக்கூடிய இளைஞர்களுக்குத் துரோகம் செய்வதாகும். புகழ்ந்து எழுதுவோருக்கும் இகழ்ந்து எழுதுவோருக்கும் ஒற்றுமை ஒன்று உண்டு. இருவரும் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டுச் சாட்சியைப் பின்னாலே தேடுகிறார்கள்.

கோல்ட்மன் 1988இல் ஜோன் லெனன் என்னும் மற்றோர் இசைக் கலைஞரின் வரலாற்றையும் வெளியிட்டார். அவரும் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1980இற் சுட்டுக் கொல்லப்பட்டவர். ஏறக்குறைய 1,200 பேரைக் கண்டு பேசி எழுதியதாக நூலாசிரியர் கூறிக்கொண்டார். லெனனின் துணைவியாரும் நண்பர்களும் அதனை வன்மையாக மறுத்தனர். வாங்கவேண்டாம் என்று போல் மக்கார்ட்னி மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆயிரம் பேரைக் கேட்டாலென்ன, கேட்டதை நிறுத்துப் பார்க்கும் தராசு சாய்ந்திருந்தாற் பயனில்லை.

மற்றொரு வழி

நல்ல நூல் எழுத இயலாது என்றிருந்தால் நாம் இவ்வளவு கடுமையாகப் பேசமாட்டோம். இயலும் என்பதைப் பீற்றர் குரால்னிக் என்னும் எழுத்தாளர் காட்டிவிட்டார். ஏறத்தாழப் பதினொரு ஆண்டுகள் உழைத்து, எல்விசின் வரலாற்றை இரண்டு பாகங்களாக 1994இலும் 1999இலும் அவர் வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து ஆயிரம் பக்கங்களுக்கு மேல்.

அந்நூல் எழுதும் எண்ணம் தமக்கு எப்படி வந்தது என்பதை அவர் முன்னுரையிலே கூறுகிறார். 1983இல் மெம்பிஸ் வீதி ஒன்றில் நண்பர் ஒருவருடன் காரிற் செல்கிறார். அந்த நண்பர் ஒரு மருந்துக் கடையைக் காட்டி, எல்விசின் உறவினன் அங்கே வேலை செய்தான், எல்விஸ் அங்கே வந்து விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு சும்மா இருப்பான் என்று இரக்கத்தோடு சொல்கிறார். அந்தக் கணத்திலே குரால்னிக்கின் மனக்கண்ணில் புகழ்பெற்ற நட்சத்திரம் மறைந்து, முகப்பருவோடு பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன் தோன்றினானாம். அந்த இளைஞனையே அவர் எழுதினார்.

இரண்டாம் பாகத்திலே வீழ்ச்சியைப்பற்றிய செய்தி ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. மருந்து உண்டு, கோபம் உண்டு, ஊதாரித்தனம் உண்டு, தவறிய உறவுகள் உண்டு. கோல்ட்மனின் நூலைப் படிக்கும்போது எழுகின்ற அருவருப்பு மட்டும் இல்லை. அதற்குப் பதிலாகத் துயரம் எழுகிறது. சம்பவங்கள் பெரும்பாலும் அவையே. பார்க்கும் கண்தான் வேறு. குரால்னிக்கைப் படித்து முடித்தவர் அந்தப் பாடல்களை மறுபடி கேட்க விரும்புவார். ஒரு கலைஞரின் வரலாற்றுக்கு இதைவிடச் சிறந்த பரீட்சை வேறில்லை என்பது எமது கருத்து.

மாணவர்களுக்கு

வாழ்க்கை வரலாற்று நூலொன்றைக் கையில் எடுக்கும் மாணவர்கள் நான்கு கேள்விகளை மனத்திற் கொள்வது நன்று.

முதலாவது, இச்செய்தி ஆசிரியருக்கு எப்படித் தெரிந்தது? மூடிய அறையிலே தனியாக இருந்தவரின் நினைவு ஓட்டத்தையெல்லாம் எழுதியிருந்தால், அதை எவர் சொன்னார் என்று கேளுங்கள்.

இரண்டாவது, சொன்னவர் யார்? எல்விசோடு இருந்தவர்களிற் சிலர், அவர் வேலையிலிருந்து நீக்கிய பின்னர் நூல் எழுதினர். அவர் இறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன் அது வெளிவந்தது. அவர்கள் சொன்னவையெல்லாம் பொய் என்று நாம் கூறவில்லை. மனக்கசப்போடு சொன்ன சாட்சியத்தை மனக்கசப்பையும் சேர்த்தே நிறுக்கவேண்டும் என்கிறோம்.

மூன்றாவது, எந்தத் தொழிலால் அவர் பெயர் பெற்றாரோ அந்தத் தொழிலைப்பற்றி நூல் எத்தனை பக்கம் பேசுகிறது? பாடகரின் வரலாற்றிலே பாட்டும், விஞ்ஞானியின் வரலாற்றிலே விஞ்ஞானமும், ஆசிரியரின் வரலாற்றிலே கற்பித்தலும் இல்லையாயின் அது வரலாறன்று, அயல்வீட்டு வம்பு.

நான்காவது, அவரும் நம்போல் ஒரு மனிதர் என்னும் நினைவு ஆசிரியருக்கு இருக்கிறதா? தேவராக்கி எழுதினாலும் மிருகமாக்கி எழுதினாலும் மனிதர் மறைந்துபோகிறார்.

கோல்ட்மனின் நூல் வெளிவந்தபோது எல்விசின் தாய் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தையும் 1979இல் மறைந்துவிட்டார். ஒரே மகளுக்கு வயது 13. அமெரிக்கச் சட்டப்படி இறந்தவரை இழித்துரைத்தாரென்று எவர்மேலும் அவதூறு வழக்குத் தொடுக்க இயலாது. ஆகவே சட்டம் நூலாசிரியரைத் தடுக்கவில்லை. வீட்டிலே தட்டிக் கேட்கப் பெரியவர்களும் இல்லை. தடுத்திருக்கக்கூடியது அவருடைய மனச்சாட்சி ஒன்றே. தந்தையை இழந்த ஒரு சிறுமி என்றேனும் ஒருநாள் இதனை எடுத்துப் படிப்பாள் என்னும் நினைப்பு எழுதுகோலின் நுனியிலே இருந்திருக்குமாயின், உண்மை எதையும் மறைக்காமலே அந்த நூல் வேறு விதமாக அமைந்திருக்கும்.

இறந்தவர்களைப்பற்றி நல்லதை மட்டுமே பேசவேண்டும் என்பது பழைய வழக்கு. நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. உள்ளதைப் பேசுங்கள், தீயதாயினும் பேசுங்கள். ஆனால் அவர் எதிரே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் எவ்வளவு கவனத்தோடு பேசுவீர்களோ அவ்வளவு கவனத்தோடு பேசுங்கள். நேயர்கள் தம் குடும்பத்துப் பெரியவர்களின் வரலாற்றை ஒரு கொப்பியிலே எழுதிவைக்க எண்ணினாலும் இந்த விதி பொருந்தும். பாட்டனாரின் கடனையும் கோபத்தையும் எழுதுங்கள். அவர் எந்த வேலையை எப்படிச் செய்தார் என்பதையும் மறவாமல் எழுதுங்கள். நாளை அதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அவரை அறிய வேறு வழி இராது.